காப்பை அறுத்தவரின் சாட்சியம்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அந்தப் படிப்பை வைத்து நான் செய்த முதல் உருப்படியான காரியம், சொந்த அப்பாவுக்கு எதிராக எழுதிக் கொடுத்ததுதான்.

சந்தையில் யாருடைய காளையோ காணாமல் போனது. முந்தின வாரம் அதை விலை கேட்டவர் என்று திங்கட்கிழமை அப்பாவைப் போலீஸார் தூக்கிப் போனார்கள். மூன்று இரவு ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். வியாழக்கிழமை அந்தக் காளை, சொந்தக்காரரின் மச்சினன் தோட்டத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது தெரியவந்தது. உடனே அன்பு பொங்கியது. ஸ்டேஷன் ரைட்டர் எனக்கு நாற்காலி போட்டார்.

"தம்பி படிச்ச புள்ள, எங்க கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நீங்களே எழுதுங்க. இன்னைக்குக் காலைல விசாரிக்கக் கூப்பிட்டாங்க, சாயங்காலமே அனுப்பிட்டாங்கன்னு."

அப்பா வீட்டுக்கு வந்தால் போதுமென்றிருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் அழகாக எழுதினேன்.

மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டபோது அந்தக் கடிதம்தான் முதலில் எங்களை மறித்தது. ஸ்டேஷன் கேமரா அந்த மூன்று நாள் மட்டும் பழுதாம். விசுவாசமான கேமரா. "அம்மா சொன்னா சொந்தக்காரங்க சாட்சின்னு தள்ளிருவாங்க. வெளியாள் வேணும். இல்லேன்னா உங்கப்பா பொய் கேஸ் போட்டவருன்னு ஆயிரும்" என்றார் எங்களுக்காக வாதாடிய வில்லாபுரத்து வக்கீல்.

அப்போதுதான் எங்கள் ஊரின் பெருந்தன்மை நினைவுக்கு வந்தது. அந்த வாரம் அப்பா அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் ஊர் எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. வீங்கிய காலோடு திரும்பியவரை எல்லையிலேயே நிறுத்தி, ஊர் பார்க்கக் காப்பை அறுத்தார் பூசாரி. ஏதோ அப்பா விரும்பிப் போய்ப் படுத்த மாதிரி. பூசாரி எங்கள் பங்காளி. வரப்புச் சண்டையில் பேச்சு நின்றுபோனவர். நான் அவரிடம் போனேன்.

"ஒங்கப்பனுக்காக நான் கோர்ட்டுப் படி ஏறணுமாக்கும்?"

"அவருக்காக வேணாம் பெரியப்பா. அவரு வெளிய தங்கவே இல்லைங்குறாங்க போலீஸ்காரங்க. அப்ப சாமி காப்பை நீங்க சும்மா அறுத்ததாத்தான ஆகும்."

"எவன் சொன்னது?"

வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

போலீஸ் தரப்பு வக்கீல் கூண்டருகே வந்து சிரித்தார். "அவர் ஸ்டேஷன்லதான் இருந்தாருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாளும் பொழுதடைய நானே போயிப் பாத்தேன்யா. பாக்காம சாமி காப்புல கை வைக்க முடியுமா? ஜட்டியோட மூலையில குத்தவச்சிருந்தான்."

நீதிபதி நிமிர்ந்தார். "விடச் சொல்லிக் கேட்டீங்களா?"

"அது என் சோலி இல்லீங்களே."

அவர் வந்து நின்று பார்த்ததை அப்பா எங்களிடம் சொன்னதே இல்லை. அன்று நீதிமன்றத்தில் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

மூன்று இரவும் சட்டவிரோதக் காவல்தான் என்று தீர்ப்பு வந்தது. பகையாளி சொன்னதால் நம்பினார்களாம். குத்தவைத்திருந்த கோலம் வரைக்கும் அவர் சொன்னதை அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். வீட்டில் அப்பா என்னை வாசிக்கச் சொன்னார். அம்மா பக்கத்தில் இருந்தாள். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு வாசித்தேன்.

"அம்புட்டுத்தானா?" என்றார் அப்பா.

"அம்புட்டுத்தான்" என்றேன்.