நான்காவது கோரிக்கை

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டில் எங்கள் கால்பந்து அணியைப் பூ வியாபாரிகள் வாங்கினார்கள். ‘வாங்கினார்கள்’ என்பது எங்கள் தெரு சொன்ன வார்த்தை. உண்மையில் யாரும் எதையும் விற்கவில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தோல்ஷாப் வைத்திருந்த பழைய முதலாளிக்கு வயதாகிவிட்டது. சென்னையில் இருந்த அவருடைய மகன்களுக்குப் பந்தில் நாட்டமில்லை. ஆகவே தன் தோல்ஷாப்பின் பெயரில் இருபது வருடம் நடத்திய அணியை, நிலக்கோட்டையில் பூ மண்டி வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரிடம் அவர் ஒப்படைத்தார். பந்துகள் ஒன்பது, வலைகள் இரண்டு, அரக்கு நிறச் சட்டைகள் பதினாறு, எங்கள் சித்தப்பா ஒருவர்.

சித்தப்பா அணியின் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிப்பது அவர் வேலை. அணியில் எங்கள் தெருவைச் சேர்ந்தவர் அவர் மட்டும்தான். அவர் ஆடத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து அவர் தெருவுக்குள் நுழையும்போது, சைக்கிள் கடை பாய் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார். வேறு யாருக்கும் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமைகளில் சித்தப்பா மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குவார், நண்டு மாதிரி. ஞாயிறு மாலை அத்தை உப்பை வறுத்துத் துணியில் கட்டி அவர் முழங்காலில் ஒத்தடம் கொடுப்பாள். அப்போது கதவு சாத்தியிருக்கும். விளையாட்டுக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

புதிய முதலாளிகள் பற்றிய செய்தி வந்ததும் சைக்கிள் கடை முன்பு தினமும் மாலையில் கூட்டம் கூடியது. டியூஷனிலிருந்து திரும்பும் வழியில் நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சாக்கில் நின்று கேட்பேன்.

“பூக்காரனுக்குப் பந்தப் பத்தி என்ன தெரியும்? முழம் போட்டு அளப்பானா?”

“சட்டைய வெள்ளையாக்கிருவாங்களாம்ல. மல்லியப்பூ கலரு.”

“டீமை நிலக்கோட்டைக்கே கொண்டு போயிருவாங்கப்பு. நம்ம பஸ் ஏறிப் போய்த்தான் பாக்கணும்.”

“ஒரு நல்லதும் இருக்குலே. வேன் வச்சிருக்காங்க. இம்புட்டு நாளும் தோல் லாரியில போனோம். நம்ம வர்றதுக்கு முந்தியே நம்ம நாத்தம் போய்ச் சேந்துரும்.”

அது உண்மை. பழைய முதலாளியின் லாரியில் எங்கள் ஆட்கள் வெளியூர் மைதானத்தில் போய் இறங்கினால் எதிரணி மூக்கைப் பொத்திக்கொள்ளும். முதல் பத்து நிமிடத்தில் நாங்கள் கோல் போடுவதற்கு அதுதான் காரணம் என்று அப்பா சொல்வார். அப்பா கணக்கு வாத்தியார். எதற்கும் காரணம் வைத்திருப்பார்.

எல்லாப் பேச்சும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. “என்ன வேணா பண்ணட்டும். நம்ம ஸ்டாப்பர்மேல மட்டும் கை வைக்கக் கூடாது,” என்பார் பாய். எல்லோரும் தலையாட்டுவார்கள். சித்தப்பா அங்கே இருந்தால் சிரித்துக்கொண்டே சைக்கிள் சக்கரம் ஒன்றைச் சும்மா சுற்றிவிடுவார்.

புதிய முதலாளிகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வருவதாகத் தகவல் வந்தது. அவர்களிடம் மனு கொடுப்பதென்று முடிவானது. கையெழுத்து நன்றாக இருந்ததால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பாய் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒன்று, அணியின் பெயரை மாற்றக் கூடாது. இரண்டு, மைதானத்தை மாற்றக் கூடாது. மூன்று, அரக்கு நிறம் அப்படியே இருக்க வேண்டும். நான்கு, பழைய முதலாளி கொடுத்தது போல இடைவேளையில் ஆளுக்கு ஒரு சிறுமலைப் பழம் தர வேண்டும். ஐந்து, கீழ்க்கண்ட ஆட்டக்காரர்கள் பதினொரு பேரும் தொடர்ந்து ஆட வேண்டும்.

கீழ்க்கண்டவர்களின் பட்டியலுக்காக, போன வருடப் போட்டிக்குக் கொடுத்த படிவத்தின் நகலைப் பாய் தந்தார். வெறும் பெயர்களை மட்டும் எழுதினால் போதும் என்றார். எனக்கு அது போதவில்லை. அப்பாவின் பள்ளிப் பதிவேடுகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டேன்: எண், பெயர், வயது, ஆடும் இடம். படிவத்தில் இருந்த வயதுகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவள், சித்தப்பாவின் பெயருக்கு வந்ததும் நின்றேன். இருபத்தொன்பது என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி சித்தப்பா, தன் தங்கையான அத்தைக்கு ஐந்து வருடம் கழித்துப் பிறந்திருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு நீளமான நோட்டு உண்டு. குடும்பத்தில் ஒவ்வொருவரும் பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், புதுநன்மை வாங்கிய நாள் என எல்லாவற்றையும் அப்பா அதில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துக் கழித்தேன். இரண்டு முறை கழித்தேன். முப்பத்தேழு வந்தது. முப்பத்தேழு என்று எழுதினேன். பாயிடம் கொடுத்துவிடும்படி சனிக்கிழமை மாலை மனுவைச் சித்தப்பாவிடம் தந்தேன்.

ஞாயிறு நாலு மணிக்கு ஒரு வேன் மைதானத்துக்குள் வந்து நின்றது. அண்ணன் முதலாளி மட்டும் வந்திருந்தார். விடிவதற்கு வெகு முன்பே மண்டியைத் திறக்கிறவர் என்பதால் கொட்டாவி விட்டபடியே இறங்கினார். வேட்டி, சட்டைப் பையில் டார்ச் லைட், விரல்களில் நார் அறுத்த கோடுகள். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். சைக்கிள் கடைக் கூட்டம் முழுவதும் அவர்களுக்குப் பின்னால் நின்றது. நான் அப்பாவுடன் மதில் ஓரத்தில் இருந்தேன்.

பாய் உறையை நீட்டினார். “நீங்களே படிச்சுச் சொல்லுங்க பாய்,” என்றார் அவர்.

“ஒட்டியில்ல இருக்கு. நீங்கதான் பிரிக்கணும் மொதலாளி.”

அவர் பிரித்து உரக்கப் படித்தார். பெயர், மைதானம், நிறம் மூன்றுக்கும் “சரி, சரி, சரி” என்றார். கூட்டம் மூச்சு விட்டது. “பழம். ஆளுக்கு ரெண்டு,” என்று படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “மலைப்பழம் என்ன விலை விக்கிதுன்னு தெரியுமாப்பு? சரி, ரெண்டு.” கைதட்டல் எழுந்தது. பாய் மட்டும் குழப்பத்தோடு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பட்டியலுக்கு வந்தார். பெயர்களையும் வயதுகளையும் படித்துக்கொண்டே போய், ஐந்தாவது பெயரில் நிறுத்தினார். “முப்பத்தேழு?”

வேனுக்குள் காலிக் கூடை ஒன்று சரிந்து விழுந்தது.

“அது சின்னப் புள்ள எழுதுனது மொதலாளி. தப்பா எழுதிருச்சு. இருபத்தொம்பதுதான்,” என்றார் பாய்.

அப்பா என் தோளைப் பிடிப்பதற்குள் நான் இரண்டடி முன்னால் போயிருந்தேன். “தப்பில்ல. நோட்டப் பாத்துத்தான் எழுதுனேன். ரெண்டு தடவ கழிச்சேன்.”

எங்கள் தெரு முழுவதும் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முதலாளி சித்தப்பாவிடம் திரும்பினார். “எம்புட்டுண்ணே?”

சித்தப்பாவை அவர் அண்ணே என்று கூப்பிட்டதைக் கேட்டு யாரோ சிரித்தார்கள்.

“புள்ள எழுதுனது சரிதான்,” என்றார் சித்தப்பா.

“அப்ப மிச்சம் பத்துப் பேரு வயசு?”

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். கோல்கீப்பர் குனிந்து, ஏற்கனவே கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க தொழில்லயும் பொய் உண்டுப்பா. நேத்துப் பறிச்சத இன்னிக்குப் பறிச்சதும்போம். ஒரு நாளுப் பொய்யி. நீங்க எட்டு வருசம்ல வாடாம வச்சிருக்கீங்க!”

மைதானமே சிரித்தது. பாய் சிரிக்கவில்லை. போகும்போது முதலாளி சித்தப்பாவை வேன் பக்கம் கூட்டிப்போய்ச் செத்த நேரம் பேசினார். என்ன பேசினார்கள் என்பது மறுவாரம் தெரிந்தது. சித்தப்பா இனி ஆட மாட்டார். பதினைந்து வயதுக்குட்பட்ட பையன்களைச் சேர்த்து ஒரு சின்ன அணி உருவாக்கப் போகிறார்கள். அதற்கு அவர்தான் கோச்.

தெரு இதைத் துக்கச் செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டது. பாய் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள், “ஒம் பேனாவுக்குக் காத்தப் புடுங்கணும் புள்ள,” என்று சொல்லிவிட்டு என் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். சித்தப்பாவின் இடத்தைப் பறித்தவள் நான்தான் என்று நம்பினேன். வீட்டில் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தேன்.

“எதுக்குத் தாயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?” என்று ஒரு நாள் கேட்டார்.

“என்னாலதான ஒங்கள எடுத்துட்டாங்க?”

அவர் என் தட்டில் இருந்த அப்பளத்தில் பாதியை உடைத்துத் தின்றார். “ஆமா. அதுக்கு அபராதம் இது,” என்றார்.

அடுத்த மாதம் வத்தலக்குண்டில் ஆட்டம். எங்கள் ஆட்கள் பூ வேனில் போனார்கள். அப்பாவும் நானும் பஸ்ஸில் போனோம். அரக்குச் சட்டைக்காரர்கள் இறங்கியபோது மல்லிகை வாசம் மைதானம் முழுவதும் பரவியது. எதிரணியினர் மூக்கைப் பொத்தவில்லை; கல்யாண வீட்டுக்கு வந்திருக்கிறீர்களா என்று கேலி செய்தார்கள். புதிய ஸ்டாப்பர் ஒல்லியான பையன். இரண்டு தடவை பந்தைத் தவறவிட்டான், மூன்றாவது தடவை விடவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தது. கோட்டுக்கு வெளியே சித்தப்பா கத்திக்கொண்டே அங்குமிங்கும் ஓடினார். இடைவேளையில் பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர், பார்வையாளர் படிகளில் இரண்டிரண்டாக ஏறி வந்து எனக்கும் ஒரு பழம் கொடுத்தார். அவர் கஷ்டத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பதாக நான் நினைத்தேன்.

அந்தச் சின்ன அணி இன்றும் இருக்கிறது. முதல் வருடத்தில் ஆடிய பையன்களின் பிள்ளைகள் இப்போது அதில் ஆடுகிறார்கள். சட்டை அரக்கு நிறம்தான்.

பத்து வயதிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இதை எழுதுவதற்கு முன் தேதிகளைச் சரிபார்க்க அந்த வருட நோட்டை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன், அழுத கறையோடு. அதற்கு முந்தைய சனிக்கிழமைக்கு ஐந்து வரிதான்.

‘மனுவைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் போய் நின்று முழுவதும் படித்தார். முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, நான்காவது கோரிக்கையில் ஒன்று என்பதை அடித்து இரண்டு என்று எழுதினார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, உறையில் போட்டுச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினார்.’

பட்டியல் அதே தாளில்தான், நான்காவது கோரிக்கைக்கு நான்கு விரற்கடை கீழே இருந்தது. அந்த ஐந்து வரியை எழுதி முடித்து, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிட்டு நான் தூங்கப் போயிருக்கிறேன்.