ஏனோக்கின் படிப்புக் கொட்டகை

ஏனோக் ஆள் என்னவோ குள்ளம்தான். குரல் மட்டும் ஆறடி. அவர் கோபத்தில் ஒரு சத்தம் போட்டால் அடுத்த லைனில், அதாவது அடுத்த கூலிவீட்டு வரிசையில், தூளியில் கிடக்கும் குழந்தை விழித்துக்கொள்ளும் என்பார்கள். கோபமும் அவருக்கு மூக்கு நுனியிலேயே குடியிருந்தது. ஆனால் அதே குரலில் அவர் கதை படிக்க உட்கார்ந்துவிட்டால், பொழுதெல்லாம் பாறையோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மனிதர்கள் சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

குடியாத்தம் பக்கமிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தபோது அவர் சேர்ந்தது மரவேலைக் கூட்டத்தில். சுரங்கத்துக்குள்ளே கூரை சரியாதபடி மரத்தை முட்டுக்கொடுக்கிற வேலை. ஒருநாள் பாறை சரிந்து இடது பாதத்தை நசுக்கிவிட்டது. கம்பெனி அவரை மேலே கொண்டுவந்து, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்ற இரும்புக்கூண்டில் இறங்குகிறவர்களுக்கு மெழுகுவத்தி எடுத்துக்கொடுக்கும் இடத்தில் உட்காரவைத்தது. கால் போனதற்கு அவர் அழவில்லை; சாப்பாட்டு வேளையில் கூட்டாளிகளுக்குக் கதை சொல்ல முடியாமல் போனதற்குத்தான் அழுதார். இதை அவர் மனைவி பாக்கியவதி லைன் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சமயம் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கப் பகுதியில் அவர்கள் லைனுக்குப் பின்னால், பாறையான கல்மேட்டை ஒட்டி, ஒரு தகரக் கொட்டகை காலியாகக் கிடந்தது. பிளேக் பரவியபோது நோயாளிகளைக் கிடத்துவதற்குப் போட்டது. நோய் ஓய்ந்தும் பயம் ஓயவில்லை. ஆடுகூட அந்தப் பக்கம் மேயாது என்பார்கள். ஏனோக் கம்பெனி ஆபீசுக்குப் போய் அதைக் கேட்டார். விட்டது தொல்லை என்று கொடுத்துவிட்டார்கள். சுண்ணாம்பு அடித்து, வெடிமருந்து வந்திறங்கிய மரப்பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, அவற்றில் புத்தகங்களை வைத்தார். பெரிய எழுத்துக் கதைகள், பாட்டுகள், பாதிரியார் கொடுத்த பழம்புத்தகங்கள், பட்டணத்துப் பத்திரிகைகள் என்று கிடைத்ததெல்லாம் அங்கே வந்து சேர்ந்தது. வாசலில் 'பொதுப் படிப்புச்சாலை' என்று பலகை மாட்டினார். ஜனங்களுக்கு அது படிப்புக் கொட்டகை.

பேர்தான் படிப்புக் கொட்டகை. படிப்பவர் ஏனோக் ஒருவரே, மற்றவர்களுக்குக் கேட்பதுதான் வேலை. கேட்க வருகிறவன் சுரங்கத்தில் எரித்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. கோயிலுக்குக் கற்பூரம் மாதிரி, கொட்டகைக்கு மெழுகுவத்தித் துண்டு. அந்த வெளிச்சத்தில்தான் படிப்பு.

தங்கவயலில் எல்லாமே ஷிப்ட் கணக்கு. கதையும் அதற்குத் தப்பவில்லை. காலை ஷிப்டுக்காரர்களுக்கு ராஜகுமாரன் கடலில் விழுந்திருப்பான். அடுத்த ஷிப்டுக்காரர்களுக்கோ அவன் கரையேறிக் கல்யாணமே முடிந்திருக்கும். முந்திக் கேட்டவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? ஒருநாள் கேஜில் இறங்கும்போது ஒரு வம்புக்காரன் முடிவைச் சொல்லத் தொடங்கிவிட்டான். கேஜுக்குள் ஓடவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. காதைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடிப் பார்த்தார்கள். அடிமட்டத்து லெவலில் கதவு திறந்ததும் அவனை நாலு சாத்து சாத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

இப்படி ருசி கண்டவர்கள் பெருகப் பெருகக் கொட்டகை திணறியது. உட்கார்ந்தவன் மடியில் இன்னொருவன் உட்காராத குறைதான். வெளியே நிற்கிறவர்களுக்காகத் தகரத்தை வெட்டி ஜன்னல் வைத்தார்கள். அங்கேயும் நெரிசல். கல் பொறுக்கும் வேலை செய்கிற கிருஷ்ணம்மா தினமும் கூடையோடு வந்து எட்டிப் பார்ப்பாள்.

"அண்ணா, ஒரு ஓரமா குந்திக்கறேன். கொஞ்சம் எடம் குடுங்க."

"எடம் எங்கம்மா கீது? ஆம்பளைங்களுக்கே பத்தல. வெளிய நில்லு தங்கச்சி, என் குரல் உனுக்கு நல்லாவே கேக்கும்."

குரல் கேட்கத்தான் செய்தது. மழை வந்தால் அவளும் நனையத்தான் செய்தாள். ஏனோக்குக்கு அது உறுத்தாமல் இல்லை. கூட்டம் முழுவதும் உள்ளே உட்கார, நடுவில் தான் உட்கார்ந்து படிக்கிற ஒரு பெரிய கூடத்தை அவர் கனவிலேயே கட்டி வைத்திருந்தார். அந்தக் கூடம் இல்லாமல் செத்துப்போனால் தன் கட்டை வேகாது என்று பாக்கியவதியிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆபீசில் போய்க் கேட்டார். தள்ளிப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ராபர்ட்சன்பேட்டையில் போய்க் கட்டிக்கொள் என்று கைகாட்டினார்கள். இதைக் கேட்டு சுரங்கத்து ஷாப்ட் மேஸ்திரி வேலு பொரிந்து தள்ளினார். வேலு ஏனோக்கின் பழைய கூட்டாளி. கதையில் சண்டை வரும் கட்டத்தில் தொடையைத் தட்டிக்கொள்கிற ஆள்.

"இன்னா பேசறாங்க அவுங்க? ஷிப்ட் முடிச்சி வர்றவன் அம்மாந்தூரம் நடந்துபோயி கதை கேப்பானா? அங்க போயி தூங்கத்தான் தூங்குவான். பூமிக்கடியில ஒரு ஊரையே கொடஞ்சி வெச்சிக்கிறோம். இந்தப் பின்சுவத்த கொஞ்சம் தள்ள முடியாதா நம்மால?"

வேறு ஊராக இருந்தால் இடம் போதாதபோது முன்பக்கம் ஒரு கீற்றுச் சார்ப்பு இறக்குவார்கள். இவர்கள் கல்மேட்டைக் குடையக் கிளம்பினார்கள். பழகின கை பழகின வேலையைத்தானே செய்யும்! ஞாயிற்றுக்கிழமைகளில் உளியும் சம்மட்டியுமாக வந்தார்கள். ஓய்வுநாளில் வேலை செய்வது பாவம் என்று ஏனோக் சம்மட்டியைத் தொடவில்லை. படிப்பது வேலையாகாது என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். முட்டுக்கொடுக்கும் மரம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிட்டு அதட்டுவார். மளமளவென்று உள்ளே ஓர் அறை விரிந்தது. ஏனோக்குக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுவின் உளி நின்றது. கறுத்த பாறைக்கு நடுவே கையகலத்துக்கு ஒரு வெள்ளைக்கல் வரி ஓடியது.

சம்மட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. தங்கம் வெள்ளைக்கல்லில்தான் இருக்கும் என்று தங்கவயலில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கம்பெனி நிலத்தில் ஒருவன் கையில் அந்தக் கல்லில் ஒரு சில்லு இருந்தாலே ஜெயில். இவர்களோ யாரையும் கேட்காமல், ஆள் சேர்த்து, மரம் முட்டுக்கொடுத்து, அச்சு அசலாக ஒரு சுரங்கமே போட்டிருந்தார்கள். கதை கேட்க இடம் பண்ணினோம் என்றால் எந்தத் துரை நம்புவான்?

"மண்ணப் பூசி மறைச்சிட்டு மேல சுண்ணாம்பு அடிச்சிடலாம்" என்றார் வேலு. அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கற கதையா கீது" என்றார் ஏனோக். அன்று சாயங்காலம் படிக்க உட்கார்ந்தவர் ஒரே பக்கத்தை இரண்டு தடவை படித்தார். வாசலில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் வார்த்தை தடுக்கியது. கூட்டத்தைப் பாதியில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

பாக்கியவதி விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். "மடியில கனம் வெச்சிக்கினு எத்தினி நாளு நடப்பீங்க? போயி சொல்லிடுங்க."

"சொன்னா கொட்டகை பூடும்டி!"

"சொல்லலன்னா நீங்க பூடுவீங்க. வேலு அண்ணன், கத கேக்க வந்த பாவத்துக்கு மத்தவங்க, எல்லாரும் பூடுவாங்க. கொட்டகை போனா வேற கொட்டகை. ஆளு போனா?"

விடிந்ததும் ஏனோக், சுரங்க வேலையை மேற்பார்க்கிற கேப்டன் துரையின் ஆபீஸ் வாசலில் போய் நின்றார். யார் பேரையும் சொல்லவில்லை; தான் குடைந்ததாகச் சொன்னார். நொண்டிக் காலோடு நிற்கிற அந்தக் குள்ள மனிதரைத் துரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காவல்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளை வரியைப் பார்த்தார், மரமுட்டுகளையும் தட்டிப் பார்த்தார். கல்லைச் சோதித்து முடிகிறவரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, தங்கம் இருந்தால் இடம் கம்பெனிக்கு என்றார். புத்தகப் பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கதவுக்குப் பூட்டு விழுந்தது. ஏனோக்கை உடனே ஜெயிலுக்கு அனுப்பவில்லை. அதுவரை நிம்மதி.

வெட்டவெளியில் பெட்டிகள் கிடந்தன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஏனோக்கின் ஒற்றை அறை வீட்டில் அவரும் பாக்கியவதியும் கால் நீட்டுவதே கஷ்டம். முதலில் வந்தவள் கிருஷ்ணம்மா. ஒரு பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"எங்க லைன்ல இது இருக்கட்டும் அண்ணா. நனையாம நான் பாத்துக்கறேன்."

அவளைப் பார்த்து மற்றவர்களும் லைனுக்கு ஒரு பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். தன் உடம்பைக் கூறு போட்டு ஆளுக்கொரு துண்டு கொண்டு போகிறார்கள் என்றுதான் ஏனோக்குக்குத் தோன்றியது.

சோதனை வாரக்கணக்கில் இழுத்தது. அவர் மெழுகுவத்தி கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கல்மேட்டுப் பக்கமிருந்து வெடிச்சத்தம் வரும்போதெல்லாம் எண்ணி வைத்த மெழுகுவத்திகளை மறுபடி எண்ணினார். சாயங்காலங்களில் வீட்டை விட்டே அவர் வெளியே வரவில்லை. கதையில்லாத லைனைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை.

கடைசியில் துரை கூப்பிட்டனுப்பினார். வெறும் கல். பொட்டுத் தங்கம் கிடையாது. தானாக வந்து சொன்னதால் தண்டனையும் கிடையாது. இடத்தை அவரே வைத்துக்கொள்ளலாம். ஏனோக் நொண்டிக்கொண்டே ஓடினார். பூட்டைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தங்கத்தைத் தேடிக் கம்பெனிக்காரர்கள் வெடிவைத்து வெடிவைத்து, வேலுவும் கூட்டாளிகளும் குடைந்த அறையை ஒரு பெரிய கூடமாகவே ஆக்கியிருந்தார்கள். ஒற்றைச் சம்மட்டி அடிக்காமல் கனவு பலித்துவிட்டது! ஏனோக் தரையில் மண்டிபோட்டு அழுதார்.

சுண்ணாம்பு அடித்து, நடுவில் தனக்கு ஒரு காலிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, இன்றைக்குப் படிப்பு உண்டு என்று எல்லா லைனுக்கும் சொல்லியனுப்பினார். தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே புத்தகத்தோடு சாயங்காலமே போய் உட்கார்ந்தார்.

வேலு மட்டும் வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்து மெச்சினார். ஆனால் உட்காரவில்லை.

"இன்னா வேலு, கால்ல முள்ளா? குந்து."

"இல்ல ஏனோக்கு… எங்க லைன்ல இன்னிக்கி கோட்டைய பிடிக்கற கட்டம். ஒரு மரவேலக்காரப் பையன் படிக்கறான். அத்த மட்டும் கேட்டுட்டு ஓடியாந்துடறேன்." தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

இடம் போதாத கொட்டகையில் இப்போது இடம்தான் இருந்தது, ஆள் இல்லை. ஏனோக் ஒரு வரி படித்துப் பார்த்தார். அவர் குரலே பாறையில் மோதி அவரிடம் திரும்பி வந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றி கெட்ட ஜனங்கள்! இவர்களுக்காக ஜெயிலுக்குப் போகத் துணிந்தேனே! நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று லைனை நோக்கி நடந்தார்.

முதல் லைனில் யாரோ ஒருவன் படித்துக்கொண்டிருந்தான். மூச்சு விட வேண்டிய இடத்தில் விடாமல், விடக்கூடாத இடத்தில் விட்டுக்கொண்டு, கொலை செய்துகொண்டிருந்தான். அடுத்த லைனில் வேறு கதை, வேறு குரல். ஏனோக்கின் நடை மெதுவாயிற்று. கிருஷ்ணம்மாவின் லைனில் பெண்கள் வாசலெல்லாம் உட்கார்ந்திருக்க, நடுவில் அவளே மடியில் புத்தகத்தோடு இருந்தாள். சிறுமியாக இருந்தபோது மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டக் கற்றவள். இத்தனை காலம் ஜன்னலுக்கு வெளியே நின்றவளிடம் படிக்கத் தெரியுமா என்று அவர் கேட்டதே இல்லை.

எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படித்தாள். ஒரு வார்த்தையில் சிக்கி நின்றாள். ஏனோக் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார்.

"உஷ்!" என்றாள் முன்னால் இருந்த ஒருத்தி, திரும்பிப் பாராமலே. "அதுவே வரும். பேசாத இரு."

வார்த்தையைக் கூட்டமே சேர்ந்து யூகித்தது, சிரித்தது, கடைசியில் பிடித்துவிட்டது. ஏனோக்குக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. அப்புறம் என்னவோ நெஞ்சுக்குள் நெகிழ்ந்தது. கதையில்லாத லைன் என்று நினைத்து வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாரே. அவர் முடங்கியிருந்த சாயங்காலங்களிலெல்லாம் இங்கே கதை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

கிருஷ்ணம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு, ஏனோக்கு அண்ணனா? அண்ணா, கொட்டகைய தொறந்துட்டாங்களாமே! நாளைக்கி இருப்பீங்களா? இந்தப் பெட்டில எல்லாம் முடியப்போவுது. வேலு அண்ணன் லைனு பெட்டிய எங்களுக்குக் குடுங்க, எங்களத அவுங்களுக்குக் குடுங்க. உங்க எடம்தான் பெருசாச்சே, அங்க வெச்சி மாத்திக்கலாம்."

பாறைக்குள்ளிருந்த அந்தக் காலிக் கூடம் அவர் கண்ணில் பெட்டிகளால் நிரம்பியது.

"இருக்கறேன் தங்கச்சி" என்றார். "தெனமும் இருக்கறேன்."

"கொஞ்சம் நகருங்கடி. அண்ணனுக்கு எடம் குடுங்க" என்றாள் கிருஷ்ணம்மா.

நெருக்கியடித்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஏனோக் சட்டைப்பையைத் துழாவி ஒரு மெழுகுவத்தித் துண்டை எடுத்துக் கிருஷ்ணம்மாவின் முன்னால் வைத்துவிட்டு, நொண்டிக் காலை மடக்கி உட்கார்ந்தார். அவர் எத்தனையோ தடவை படித்த கதைதான். ஆனால் இப்போது வந்தது, போருக்குப் போன ராஜாவை நினைத்து ராணி புலம்புகிற இடம். சண்டையைச் சீக்கிரம் எட்டுவதற்காக அந்தப் பக்கங்களை அவர் எப்போதும் தாண்டிவிடுவார். கிருஷ்ணம்மா ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது ஏனோக்குக்குப் பொறுக்கவில்லை.

"அப்பால இன்னா ஆச்சி?" என்றார்.