ஐந்து வருடத்தில் வருகிற கடல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி தங்கராசு வீட்டுக்கு வந்தான். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுபவன். கூடவே ஒரு ரியல் எஸ்டேட் புரோக்கர்.

"அத்தான், ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பிளாட் பேசியிருக்கேன். வீட்டுக்காரி செயினை வித்து அட்வான்ஸ் குடுக்கப் போறேன்."

அந்தப் பொட்டல்காட்டுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று கேட்டேன்.

புரோக்கர்தான் பதில் சொன்னார். "உலகம் சூடாகுது அண்ணாச்சி. பனிமலையெல்லாம் உருகி, அஞ்சே வருசத்துல சென்னை, தூத்துக்குடி எல்லாம் தண்ணிக்குள்ள போயிரும். சனம் அம்புட்டும் இங்கனதான் வரும்."

சுனாமியை டி.வி.யில் பார்த்ததிலிருந்து தங்கராசுக்குக் கடல் என்றாலே நடுக்கம். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எனக்கோ சந்தேகம்... ஊர் மூழ்கப் போவதை ஒருவர் இவ்வளவு சந்தோஷமாகவா சொல்வார்?

"யார் சொன்னது?"

"வெளிநாட்டு விஞ்ஞானியே சொல்லிட்டாரு."

"எந்த விஞ்ஞானி?"

"பேரு வாயில நுழைய மாட்டேங்குது அண்ணாச்சி."

விருதுநகரில் புவியியல் பேராசிரியராக இருக்கும் நண்பருக்கு அப்போதே போன் போட்டேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பூமி சூடாகுறது உண்மை. கடல் மட்டம் ஏறுறதும் உண்மை. ஆனா ஏறுறது வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர். அஞ்சு வருஷத்துல சென்னை மூழ்கும்னு எந்த ஆராய்ச்சியும் சொல்லலை" என்றார் அவர்.

புரோக்கர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். செயின் தப்பியது. தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டான். நானும் சும்மா இராமல், "இனிமே யார் எதைச் சொன்னாலும் சந்தேகப்படு மாப்ள" என்று உபதேசம் செய்தேன்.

நேற்று அவனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"பூமி சூடாகுதுங்கிறதே பித்தலாட்டம் அத்தான். எங்க பிரஸ்ல வேலை பாக்குற எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அஞ்சு வருசம்ங்கிறதுதான் பொய். மத்தது நெசம். பேராசிரியர் சொன்னதைக் கேட்டேல்ல?"

"கேட்டேன். அவருக்கு எங்கன பிளாட் கெடக்கோ... நீங்கதான யாரு சொன்னாலும் சந்தேகப்படச் சொன்னீக?"

யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னார், அதில் அவருக்கு என்ன லாபம் — இதையெல்லாம் விசாரிக்கத்தான் சந்தேகம். விசாரணையே இல்லாத சந்தேகம், கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைப் போலத்தானே?

உண்மையோடு கொஞ்சம் பொய்யைக் கலந்து விற்பவர் பணத்தை மட்டும் பறிப்பதில்லை. அவர் போன பிறகு, அந்த உண்மையை யாரும் ஓசியில்கூட வாங்குவதில்லை.

புரோக்கர் தப்பித்துவிட்டார். மாட்டிக்கொண்டவர் பேராசிரியர்.