கிட்டங்கி யாருடைய சொல்?

என்னோடு வேலை பார்க்கும் ரகுவை நான் கல்யாணம் செய்துகொள்ள எங்கள் வீட்டில் அரைமனதாகத்தான் சம்மதித்திருந்தார்கள். ரகு குடும்பம் ராஜபாளையம், வீட்டில் தெலுங்கு. நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர், சாதியும் வேறு. அன்று ரகுவோடு அவன் அப்பா முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சாதி, என் வேலை, கல்யாணச் செலவு என்று வரிசையாகப் பதில்களை யோசித்து வைத்திருந்தேன்.

தொழில் எப்படிப் போகிறது என்று என் அப்பா கேட்டார்.

"பஞ்சு அம்புட்டும் கிட்டங்கியிலதான் கிடக்கு."

"நீங்களும் கிட்டங்கின்னுதான் சொல்லுவியளா? நம்ம தமிழ்ச் சொல்லு!"

"இல்ல அண்ணாச்சி, அது தெலுங்கு."

"கிடங்குதான் கிட்டங்கி ஆச்சு. பழைய தமிழ்ல கிடங்குன்னா அகழி. மலேசியாவுல நான் வேலை பார்த்தப்போ அங்க சரக்கு வைக்கிற இடத்த குடாங்னு சொன்னாங்க. அதுவும் இங்கேருந்து போனதுதான்."

"அங்கேருந்து இங்க வந்திருந்தா?"

காபி ஆறிப்போனது. "இந்தியில கோதாம்னு..." என்று ரகு ஆரம்பித்தான்.

"ஏலே, சும்மா இரு!" என்று அவன் அப்பா அதட்டினார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு மணி நேரமாகக் கல்யாணப் பேச்சே இல்லை. என்னிடம் ஒரு கேள்விகூட இல்லை.

கடைசியில் ரகுவின் அப்பா கோபமாக எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை தெலுங்கு அகராதியோட வாரேன். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

"வாங்க. சாப்பாடு இங்கதான்" என்று அப்பாவும் அதே கோபத்தோடு சொன்னார்.

நான் யோசித்து வைத்த பதில்களில் ஒன்றையாவது அன்று சொல்லியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்திருக்குமா என்பது எனக்கு இப்போதும் சந்தேகம்தான்.