பல் போலீஸ் கேட்ட கேள்வி

என் மனைவிக்கு எங்கள் தெருவில் பல் போலீஸ் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவன் யார் என்று தெரிந்தால் அவனுக்கு ஒரு சட்டை சும்மாவே தைத்துக் கொடுப்பேன், அவ்வளவு கச்சிதம். நான் தையல்காரன். அளவு சரியாக இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை அவளுடையது. மருந்துக்கடைக்கு மேலே, குறுகலான படி ஏறிப் போக வேண்டிய இடம். ஒரு டாக்டரம்மா, நோயாளிக்கு ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ஃபோன். பல் வைத்தியத்துக்கு வருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். வலிக்கும்போது காலில் விழாத குறையாக நாள் கேட்பார்கள். வலி நின்றால் டிமிக்கி கொடுப்பார்கள். என் மனைவியிடம் மட்டும் அந்தப் பருப்பு வேகாது.

முந்தின நாளே எல்லாரையும் ஃபோனில் பிடித்துவிடுவாள். "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்கவே மாட்டாள். அப்படிக் கேட்டால் எவனும் வருவேன் என்றுதான் சொல்வான். "எந்தப் பக்கமா வருவீங்க?" என்று கேட்பாள். வரப்போகிறவர் உடனே, "பஸ்ல வந்து பாலத்துகிட்ட இறங்கிடுவேன்மா" என்பார். வராத ஆசாமி, "அது... பாத்துக்கலாம்மா" என்று இழுப்பார். இழுத்தவரை அவள் விடமாட்டாள். என்ன பயம், ஊசியா, மிஷின் சத்தமா என்று கிண்டிக் கிளறி, கடைசியில் வரவழைத்துவிடுவாள்.

அப்புறம் அந்தத் தொற்றுக் காய்ச்சல் வந்தது. பாதிக் கடைகள் மூடின. எதிரே வருகிறவரைப் பார்த்து மறுபக்கம் ஒதுங்கிப் போகும் காலம் வந்தது. வாயைத் திறந்து காட்டுவது என்றால் கேட்கவே வேண்டாம். குறித்த நாளுக்கு வருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஒருவர், பல்லை வீடியோவில் காட்டுகிறேன் என்று ஃபோனையே வாய்க்குள் திணித்திருக்கிறார். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தது ஒரே இருட்டுதான். இன்னொருவர், எல்லாம் அடங்கட்டும், அதுவரை மறுபக்கம் மெல்லுகிறேன் என்றார்.

டாக்டரம்மா மருத்துவமனையை மூடவில்லை. காத்திருப்போர் நாற்காலிகளை அப்புறப்படுத்தினார்கள், ஜன்னல்களைத் திறந்து போட்டார்கள். ஒருவர் உள்ளே என்றால் மற்றவர் கீழே தெருவில் நிற்க வேண்டும். என் மனைவி ஜன்னலில் இருந்து கை காட்டினால் மேலே வரலாம். சுகாதார அலுவலகத்தில் இருந்து ஒரு கண்டிப்பான உத்தரவும் வந்திருந்தது. காய்ச்சல் உள்ளவரைப் படியேற விடக்கூடாது, உடனே தகவல் சொல்ல வேண்டும். தகவல் போனால் அந்த வீட்டுக் கதவில் தாள் ஒட்டிவிடுவார்கள், குடும்பமே உள்ளே அடைபட வேண்டியதுதான். அதனால் அவள் ஃபோனில் முதலில் கேட்கும் கேள்வி மாறிப்போனது. "காய்ச்சல் இருக்கா?"

எனக்கு மூச்சிரைப்பு உண்டு. அவள் வேலைக்குப் போய் வரும் ஒவ்வொரு நாளும், திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை.

"பல்லுக்காக யாராவது உயிரை விடுவாங்களாடி?" என்று கத்தினேன்.

"விட்டிருக்காங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த நேரத்தில்தான் பேக்கரிக்காரர் டிமிக்கி கொடுக்க ஆரம்பித்தார். அடுத்த தெருவில் கடை, கடைக்கு மேலேயே வீடு. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. நாள் குறித்துக் கொடுத்தாள், வரவில்லை. மறுபடி குறித்தாள், அன்றைக்கும் வரவில்லை. சாதாரண நாளில் அந்த மனிதர் வாயாடி. எந்தப் பக்கமா வருவீங்க என்று கேட்டால், "மாடி மாடியா தாவி உங்க மேஜை மேல வந்து குதிக்கிறேன் தங்கச்சி" என்பார். இப்போது "ம்... வரேன்" என்று மட்டும் சொன்னார். காய்ச்சல் இருக்கா என்றால், "இல்ல, இல்ல" என்று அவசரமாகச் சொன்னார். வார்த்தைகள் பல்லிடுக்கில் நசுங்கி வந்தன.

அன்று சாப்பிட வீட்டுக்கு வந்தவள் தட்டில் கை வைக்கவில்லை.

"அவரால வாயைத் திறக்க முடியலைங்க. பேச்சுலயே தெரியுது. சீழ் கீழ இறங்குச்சுன்னா கழுத்து வீங்கி மூச்சை அடைச்சிடும். டாக்டரம்மா கிட்ட சொல்லிட்டேன், அவங்களும் பயப்படறாங்க."

"அப்புறம் ஏன் அந்தாளு வர மாட்டேங்கறாரு? அவ்வளவு திமிரா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "திமிர் இல்லைங்க. பல்லுல சீழ் வச்சா காய்ச்சல் வரும். நான் ஃபோனை எடுத்ததும் காய்ச்சல் இருக்கான்னு கேக்கறேன். இருக்குன்னு சொன்னா கடைக்குத் தாள் ஒட்டிடுவாங்க. இல்லைன்னு சொல்லிட்டு வந்தா, வாசல்லயே சூடு பாக்கற மிஷின் காட்டிக் கொடுத்துடும். அவரு எப்படி வருவாரு? நான்தாங்க அவரை வரவிடாம பண்றேன்."

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தாள். நானும் கிளம்பினேன். அவளைத் தடுக்கத்தான் போனேன், பின்னாலேயே நடந்ததுதான் மிச்சம்.

பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எதிர்ப் பக்கம் நின்று, மாடி ஜன்னலைப் பார்த்தபடி ஃபோன் செய்தாள்.

"அண்ணே, உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். ஜன்னலைத் திறங்க."

அப்புறம் திரை விலகியது. நான் அதிர்ந்துபோனேன். அவர் சுடும் பன் போலவே ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய வளைவையே காணோம். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல் இருக்கான்னு இனிமே உங்களைக் கேக்க மாட்டேன்" என்றாள். "எவ்வளவு இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் ஃபோனில் வெடித்தது. "அனலா கொதிக்குதும்மா! யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கடை போயிடுமாம்!"

"அக்கா, கடையைத் திறக்க ஆள் வேணும்ல? அவரைக் கீழ கூட்டிட்டு வாங்க."

அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டாள். காய்ச்சல் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. டாக்டரம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். "அலுவலகத்துக்கு நானே சொல்லிக்கறேன், நீ கூட்டிட்டு வா. ஆனா ஒண்ணு. அவருக்குப் பரிசோதனை பண்ணி முடிவு வர்ற வரைக்கும் நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போக முடியாது. யோசிச்சுக்கோ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிட்ட வரவில்லை.

"சோத்துல தண்ணி ஊத்தி வச்சிடுங்க" என்றாள். "மாத்திரையை மறக்காதீங்க."

தலையிலிருந்து கால்வரை கவச உடை மாட்டிக்கொண்டு, வலியில் அலறிய அந்தப் பெரிய மனிதரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாளாம். டாக்டரம்மா சீழை வெளியேற்றிப் பல்லைப் பிடுங்கினார். அங்கிருந்தே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்னும் ஒரு ராத்திரி தாங்கியிருக்காது என்று அங்கே சொன்னார்களாம்.

பேக்கரிக் கதவில் தாள் ஒட்டினார்கள். மருத்துவமனைக் கதவிலும் ஒட்டினார்கள். டாக்டரம்மா உள் அறையில், இவள் வெளி அறையில். நான் தினமும் சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, தெருவுக்கு வந்து நின்று ஜன்னலைப் பார்த்துத் திட்டுவேன். "ஊர்ல இருக்கறவன் பல்லெல்லாம் உனக்கு முக்கியம், புருஷன் என்ன கிள்ளுக்கீரையா?" போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் சிரித்தபடி ஃபோனைக் காதில் வைத்து யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தாள். என் கோபத்துக்கு அங்கே மரியாதை இல்லை. உண்மையைச் சொன்னால், திட்டுகிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்கத்தான் போனேன். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை.

முடிவு வந்தது. பேக்கரிக்காரருக்குத் தொற்று இல்லை. காய்ச்சல் அத்தனையும் பல்லால் வந்தது. தாள்களைக் கிழித்தார்கள்.

அவள் படியிறங்கி வருவதற்காகக் கீழே காத்துக்கொண்டு நின்றேன். கேட்க வேண்டியதை எல்லாம் மனசுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். இனிமேல் இந்த வேலை வேண்டாம், என் மேல் சத்தியம், என்று முடிப்பதாகத் திட்டம். கண்ணெல்லாம் உள்ளே போய், இளைத்துக் கறுத்து வந்தாள். முகத்தில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம்.

"என்னங்க, இத்தனை நாளா ஃபோன் பண்ணிட்டே இருந்தேன்ல" என்றாள் மூச்சு வாங்க. "வராம போனவங்க ஒருத்தர் விடாம கூப்பிட்டேன். பேக்கரிக்காரர் கதையைச் சொன்னேன். காய்ச்சல் இருந்தா மறைக்காதீங்க, எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க வழி பண்றோம்னு சொன்னேன். நாளைக்குக் காலைல ரெண்டு பேரு வர்றாங்க."

"சரி, அதுக்கென்ன?"

"ரெண்டு பேருக்கும் காய்ச்சல். அவங்களாவே சொல்லிட்டாங்க."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குப் பயம் துளியும் குறையவில்லை. அந்த இருவருக்கும் வெறும் பல் காய்ச்சல்தான் என்று யார் கண்டது? ஆனால் இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டதில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோயிருந்தது. ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததை எல்லாம் அப்படியே விட்டுவிட்டேன்.

"அந்தக் கவச உடை தோள்ல லூசா இருக்கு, ஜன்னல்ல பாத்தேன்" என்றேன். "எடுத்துட்டு வா. காலைக்குள்ள பிடிச்சுத் தரேன்."