ஆறு இலக்கத் திறப்பு

போன கிழமை முழுக்க நானும் தங்கச்சியும் ஒரு செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அதுவும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

தங்கச்சி ஹைறுன்னிஸா இத்தாவில் இருக்கிறாள். அவள் புருஷன், என் மச்சான், மௌத்தாகி இது மூன்றாவது மாதம்; நாலு மாதமும் பத்து நாளும் இந்தத் தனிமைதான். வெளி ஆண்களைப் பார்க்க மாட்டாள். ஓர் அறை, ஒரு திரைச்சீலை, அதற்கு அப்பால் கல்முனைக் கடலின் இரைச்சல்... அந்த அறைக்குள் பகல்கூடக் கண்ணயர்ந்த மாதிரித்தான் கிடக்கும். துணைக்கு மூத்தவள் நான்.

போன் மச்சானுடையது. கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பியது. படுக்கையில் கிடந்த கடைசி மாதம், மச்சான் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் ஏதோ பேசிப் பேசிப் பதிந்து வைத்தாராம். "உனக்குத்தான் கதச்சி வெச்சிரிக்கன். பொறகு கேளு. நம்பர் உனக்குத் தெரியும்" என்றாராம்.

அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

"அவர் தெரியும் எண்டார் ராத்தா. தெரியல்லண்டா நாப்பது வருசம் நான் என்ன பொஞ்சாதி?"

பிள்ளைகள் பிறந்த திகதிகள், பழைய டெலிபோன் நம்பர் என்று ஏழு தடவை அழுத்தியாயிற்று. ஏழும் பிழை. பத்தாவதும் பிழைத்தால் போன் உள்ளே இருப்பதையெல்லாம் தானாகவே அழித்துவிடும். கள்ளனுக்குப் பயந்து மகன்தான் அப்படிச் செட் பண்ணிக் கொடுத்தான். கள்ளன் வரவில்லை. நாங்கள்தான் வந்தோம்.

போன் கடை ரியாஸைக் கூப்பிட்டோம். இரண்டு பிள்ளைகளின் வாப்பா, நிதானமானவர். திரைக்கு வெளியே கதிரையில் உட்கார்ந்தார். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் கேட்டேன்.

"மனே, நம்பர் போனுக்குள்ளதானே இரிக்கும்? எட்டிப் பாத்துச் சொல்ல ஏலாதா?"

"இல்ல மாமி. போனுக்கே நம்பர் தெரியா."

"தெரியாமத்தான் பிழை பிழை எண்டு சொல்லுதா?"

ரியாஸ் சிரித்தார். "அரிசிய இடிச்சா மா. மாவத் திருப்பி அரிசியாக்க ஏலுமா? மாமா நம்பரக் குடுத்த நேரமே போன் அத இடிச்சி, மாவ வெச்சிக்கிட்டு அரிசிய வீசிட்டு. நீங்க அடிக்கிற நம்பரையும் இடிச்சிப் பாக்கும். ரெண்டு மாவும் ஒண்டா இரிந்தாத்தான் தொறக்கும்."

"ஒரு இலக்கம் மட்டும் பிழைச்சா? கிட்டத்தட்ட அதே மாத்தானே வரும்?"

"அதுதான் இல்ல. ஒரு அரிசி மாறினா மாவு நிறமே வேற."

"அப்ப... அவர்ட குரல்?" திரைக்குள்ளிருந்து தங்கச்சி முதல் தடவையாகப் பேசினாள். "அதையும் இடிச்சிட்டா?"

"இல்ல மாமி. குரல் பத்திரமா இரிக்கி. துண்டு துண்டாக் குலைச்சி வெச்சிரிக்கி. பூட்டுக்குத் திறப்பு மாதிரி அதுக்கு நம்பர்; எது எங்க போன எண்டு அந்தத் திறப்புக்குத்தான் தெரியும். திறப்பில்லாட்டி வெறும் இரைச்சல்."

வெறும் இரைச்சல்... நான் கடலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் யாரோ எதையோ சொல்லிக் குலைத்து வைத்ததுதானோ?

"786786 அடிச்சிங்களா? ஊர்ல பாதிப் பேர்ட திறப்பு அதுதான்" என்றார் ரியாஸ். அடித்தோம். பிழை. அடையாள அட்டையில் உள்ள பிறந்த திகதி? அது, அந்தக் காலத்தில் மச்சானின் உயரத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடத்து அதிபர் குத்துமதிப்பாக எழுதியது. மச்சானுக்கே அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அடித்தோம். பிழை.

ஒரு மணித்தியாலம் கழித்து வரச் சொன்னது போன்.

"இனி ஒண்டுதான் மாமி. யோசிச்சிச் செய்ங்க" என்று சொல்லி, ரியாஸ் அஸர் தொழப் போய்விட்டார்.

நாங்களும் தொழுதோம். சலாம் கொடுத்த பிறகும் தங்கச்சி பாயிலேயே இருந்து, விரல் மடித்து திக்ர் எண்ணிக்கொண்டிருந்தாள். திரை ஊதிப் பெருத்து, பிறகு மெல்லத் தணிந்தது. திடீரென்று அவள் விரல் நின்றது.

"ராத்தா... படுக்கக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஓதுற. அவர்தான் எண்ணுவார். சுப்ஹானல்லாஹ் முப்பத்திமூண்டு. அல்ஹம்துலில்லாஹ் முப்பத்திமூண்டு. அல்லாஹு அக்பர் முப்பத்திநாலு. வேற எதையும் நாங்க சேந்து எண்ணினதில்ல."

நான் விரலால் பாயில் எழுதிப் பார்த்தேன். ஆறு இலக்கம்.

"பிழைச்சா எல்லாம் போயிரும் புள்ள."

"போகட்டும். இது இல்லண்டா எனக்கு வேற தெரியா."

போன் மறுபடி கேட்கும் வரைக்கும் காத்திருந்தோம். பிறகு மூன்று, மூன்று, மூன்று, மூன்று, மூன்று... நாலை அழுத்த முன் அவள் விரல் காற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

திறந்தது.

நான் எழும்பித் திரைக்கு வெளியே வந்துவிட்டேன். மச்சானின் குரல் முணுமுணுப்பாக வந்தது. சொல் விளங்கவில்லை. இடைக்கிடை தங்கச்சி "ஓம்... ஓம்..." என்று பதில் சொல்வது மட்டும் கேட்டது.

இரகசியம் என்றால் யாருக்கும் தெரியாத ஒன்று என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இது ஊருக்கே தெரிந்த ஓதல். ஆனால் அதுதான் திறப்பு என்று ஒருத்திக்கு மட்டும் தெரிந்தால் போதும்போல.

நம்பரை மாற்றிய பிறகுதான் இதை எழுதச் சம்மதித்தாள். மச்சான் என்ன சொன்னார் என்று மட்டும் கடிதம் போட்டுக் கேட்காதீர்கள் — நானே கேட்கவில்லை.