மூன்று காட்சி, ஒரு பெயர்: நாகர்கோவிலில் ஒரு வியாழக்கிழமை

எனக்கு எழுபத்தொரு வயது. படம் பார்க்கத் தொடங்கி ஐம்பத்தைந்து வருஷம் ஆகிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகி இரண்டு வருஷம்தான். ஆகவே படத்தைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் தாராளமாக நம்பலாம். எழுத்தைப் பற்றிச் சொல்வதற்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். இந்தக் கட்டுரைக்கு ஒன்பது நாள் பிடித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போஸ்டரில் எழுத்து புரியாத காலத்தில், அதில் இருந்த உருவத்தைப் பார்த்து நானே படத்துக்குப் பெயர் வைப்பேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தக் கட்டுரையில் வரும் பழைய படம் ‘வெள்ளைக்குதிரைப் படம்’. புதிய படம் ‘அரிவாள்மனைப் படம்’.

அரிவாள்மனைப் படத்தை எடுத்தது எங்கள் ஊரில். மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் அது. இரண்டு வருஷம் முன்னால் பத்து நாள் வந்து தங்கி எடுத்தார்கள். கதாநாயகிக்கு மீன் வெட்டத் தெரியவில்லை. அரிவாள்மனைக்கு முன்னால் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தாள். என் மனைவி மரியபுஷ்பம்தான் மூன்று நாள் கூடவே இருந்து, காலை எப்படி மடக்குவது, சாம்பல் தொட்டு மீனை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். நோட்டுப் புத்தகம் வைத்திருந்த ஒருவர் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, படம் முடிந்ததும் கடைசியில் உங்கள் பெயர் வரும் அம்மா என்றார்.

அவள் அதைக் கரை முழுக்கச் சொல்லிவிட்டாள். படம் வந்தது. ஊரிலிருந்து இருபது பேருக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படி ஒரு பெயரும் வரவில்லை என்றார்கள். அடுத்த வீட்டு பிலோமினா தினமும் தண்ணீர்க் குழாயில் கேட்கத் தொடங்கினாள். “ஏட்டி புஷ்பம், ஒனக்க பேரு எந்த மூலையில வந்துது? நான் கண்ணாடி போட்டுட்டுத்தான் பாத்தேன்.” நாலு நாளில் என் மனைவி குழாய்க்குப் போவதையே நிறுத்திவிட்டாள். பொய் சொல்லாதவளுக்குப் பொய்க்காரி பட்டம்.

எனக்கு ஒரு சந்தேகம். ‘சுபம்’ போடும் முன்பே எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். கடைசிப் பெயர்களை யார் இருந்து வாசித்திருப்பார்கள்? நான் வாசிக்கிறேன் என்று முடிவு செய்தேன். அன்று புதன். வெள்ளிக்கிழமை படம் மாறிவிடும். ஆக, வியாழன் ஒரு நாள்தான் இருந்தது.

மண்டைக்காட்டில் காலை 8.40-க்குப் பஸ். மணவாளக்குறிச்சி, அம்மாண்டிவிளை, வெள்ளிச்சந்தை வழியாக நாகர்கோவிலுக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகிறது. எனக்கு 18 ரூபாய். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அவளுக்கு இலவசம். இடது பக்க ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொரு கடைப் பலகையையும் வாசித்துக்கொண்டே வந்தேன். நாற்பது வருஷம் சைக்கிளில் மீன் கொண்டுபோன ரோடு. இத்தனை கடைக்கும் பெயர் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. ஸ்டாண்டிலிருந்து தியேட்டருக்கு ஆட்டோ 70 ரூபாய். டிக்கெட் ஒன்று 120.

புதிய படம் மதியம்தான் என்பதால், அதே தியேட்டரில் 10.30-க்கு மறுபடி வெளியிட்டிருந்த வெள்ளைக்குதிரைப் படத்துக்குப் போனோம். பதினெட்டு வயதில் பார்த்தது. அந்தக் காலத்தில் மீன் விற்று முடித்துப் போவதற்குள் படம் தொடங்கியிருக்கும். எழுத்து போடும் நேரம் டீ குடிக்கும் நேரம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இந்த முறை பத்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பழைய படத்தில் பெயர்கள் நகராமல் நிற்கும். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருக்கும். கத்திச் சண்டை சொல்லிக்கொடுத்தவருக்குப் பெயர் இருந்தது. குதிரைக்கும் பெயர் போட்டிருந்தார்கள். அதை வாசித்துச் சொன்னதும் மரியபுஷ்பம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “குதிரைக்கே போட்டிருக்கான்னா எனக்குப் போடாமலா இருப்பான்?”

படம் எப்படி? பாட்டுக்கும் சண்டைக்கும் பத்துக்குப் பத்து. வில்லன் சாகும் முன் பேசும் வசனம் கொஞ்சம் நீளம். அத்தனை பேசத் தெம்பு இருப்பவன் எழுந்து ஓடியிருக்கலாம். நாயகி அழும்போது இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கியது.

கொண்டுபோன சோற்றையும் நெத்திலி அவியலையும் பஸ் ஸ்டாப் பெஞ்சில் சாப்பிட்டுவிட்டு, 2.30-க்கு அரிவாள்மனைப் படம். நேர்மையாகச் சொல்கிறேன், நல்ல படம். ஆனால் கதாநாயகன் புயலில் கடலுக்குப் போய்விட்டு வருகிறான், சட்டை காய்ந்திருக்கிறது. கட்டுமரத்தில் அவன் நிற்கிற நிற்பைப் பார்த்தால் வீட்டு மாடியில் நிற்பதுபோல் இருக்கிறது. மீன் வெட்டும் காட்சி மட்டும் சத்தியம். கால் மடக்கியது, சாம்பல் தொட்டது, செதிலைத் துடைத்த புறங்கை, எல்லாம் என் வீட்டுக் கொல்லையில் பார்த்தது. பக்கத்தில் இருந்தவள் இருட்டில் அந்தக் கையோடு சேர்ந்து தன் கையை அசைத்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்தது. பெயர்கள் கீழேயிருந்து மேலே ஏறத் தொடங்கின. இங்கேதான் தப்பு செய்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பவனுக்குக் கண்ணில் பட்ட எழுத்தை விட்டுவிட மனம் வராது. ஒவ்வொருவரும் வேலை செய்தவர்கள்தானே என்று முதல் பெயரிலிருந்து வாசித்தேன். ஏழாவது பெயருக்கு வருவதற்குள் நூறு பெயர் ஏறிப் போய்விட்டது. லைட்டைப் போட்டார்கள். துடைப்பத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். திரை அணைந்தது.

மரியபுஷ்பம் வீட்டுக்குப் போகலாம் என்றாள். நான் வரமாட்டேன் என்றேன். 6.15 காட்சிக்கு மறுபடி இரண்டு டிக்கெட் எடுத்து, வாசலில் டிக்கெட் பார்க்கும் நடுவயதுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பாட்டா, பேரு வாசிக்க யாராவது டிக்கெட் எடுப்பாவளா?” என்றார்.

“நான் எடுத்திருக்கேன்லா,” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மேலே ஆபரேட்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஐந்து நிமிஷம் லைட் போடாமல் ஓட்டுகிறோம், அதற்கு மேல் கேட்கக்கூடாது என்றார். அதுவே போதும்.

இந்த முறை பெயர்கள் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். ‘நன்றி’ என்று பெரிய எழுத்தில் வரும், வந்ததும் தொடையில் தட்டு என்று மரியபுஷ்பத்திடம் சொல்லி, அந்த வார்த்தையை உள்ளங்கையில் எழுதிக் காட்டியிருந்தேன். வாசிக்கத் தெரியாதவள், அந்த உருவத்தைச் சரியாகப் பிடித்துத் தட்டினாள். நிமிர்ந்தேன். ஐஸ் கம்பெனி, படகு தந்த வள்ளக்காரர்கள், கோயில் கமிட்டி, பிறகு எங்கள் ஊரின் பெயர், அதன் பக்கத்தில் ‘ஊர் மக்கள் அனைவருக்கும்’. அதோடு முடிந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த வரிசையில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரண்டு வருஷம் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது இதற்கா என்று தோன்றியது.

“இல்ல புஷ்பம். ஊரு பேருதான் இருக்கு. ஊர் மக்கள்னு போட்டிருக்கு.”

“நல்லா வாசிச்சியளா?”

“நல்லா வாசிச்சேன்.”

அவள் சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். 8.55 பஸ்ஸைப் பிடித்தோம். வெள்ளிச்சந்தை தாண்டியதும், “அப்ப எல்லாருக்க பேரும் அதுல சேந்துதான் இருக்கு,” என்றாள், பாதி தனக்குத்தானே.

மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு நேராகக் குழாய்க்குப் போனாள். நானும் பின்னால் போனேன். பிலோமினா வாயைத் திறக்கும் முன் இவளே சொன்னாள். “ஏட்டி, எனக்க பேரு தனியா வரல. இவரு ரெண்டு தடவ இருந்து பாத்தாரு. ஊர் மக்கள்னு போட்டிருக்கானாம், அதுல ஒனக்க பேரும் உண்டு. நீ என்ன வேல செஞ்சேன்னுதான் எனக்குத் தெரியல.” குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்துவிட்டு, குடத்தை நகர்த்தி இவளுக்கு இடம் விட்டாள்.

இதுபோல் போக நினைப்பவர்களுக்கு: வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். பழைய படத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் போங்கள், புதிய படத்துக்குப் பத்து நிமிஷம் பின்னால் எழுந்திருங்கள். காட்சிக்கு முன்பே வாசலில் சொல்லி வையுங்கள், மனிதர்கள் கேட்கிறார்கள். மெதுவாக வாசிப்பவர்கள் முதல் பெயரிலிருந்து ஆசைப்படாதீர்கள். எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ்ஸை ஸ்டாண்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு அன்று மொத்தச் செலவு 950 ரூபாய்க்குள். ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

கடைசியாக, விமர்சனத்தில் விட்டுப்போன ஒன்று. அரிவாள்மனைப் படத்தில் இடைவேளைக்குப் பிறகு கதாநாயகி மீன் வெட்டும் காட்சி ஒன்றரை நிமிஷம் வருகிறது. படத்திலேயே சிறந்த காட்சி அது. அதைச் சொல்லிக்கொடுத்தவர் மரியபுஷ்பம்.